அடைப்பு மோட்டாரில் இல்லை

"காத்து பத்தலைங்க. மோட்டாரை மாத்திப்போடுங்க, சரியாயிடும்."

மரப்பட்டறை நடத்துகிறவர்களில் இந்த வாக்கியத்தைக் கேட்காதவர் இருக்க மாட்டார். நேற்றுவரை ஒழுங்காகத் தூளை இழுத்துக்கொண்டிருந்த சாண்டிங் மெஷின் இன்று இழுக்காது. பெல்ட்டுக்கு அடியில் தூள் மேடு கட்டும். தேக்குப் பலகையில் கருகல் கோடு விழும். டஸ்ட் கலெக்டர் விற்றவரைக் கூப்பிட்டாலும், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டாலும், பக்கத்துப் பட்டறை அண்ணனிடம் புலம்பினாலும் தீர்ப்பு ஒன்றே: ஒரு எச்.பி. இருந்தால் இரண்டாக்கு, இரண்டு இருந்தால் மூன்றாக்கு. நான் தொழில் செய்வது கோவையில். மோட்டாரும் பம்பும் செய்து பேர் வாங்கிய ஊர். எந்த நோய்க்கும் இங்கே மருந்துச் சீட்டின் முதல் வரியில் மோட்டார்தான் இருக்கும்.

அந்த மருந்தை நானும் வாங்கிச் சாப்பிட்டவன். ஆறு வருடத்துக்கு முன், ஐப்பசி அடைமழையில், 2 எச்.பி. ப்ளோயரைக் கழற்றிவிட்டு 3 எச்.பி. ப்ளோயர் மாட்டினேன். புதுத் துணிப்பையும் அதனோடு வந்தது. முதல் வாரம் பிரமாதம். இரண்டாம் வாரம் பரவாயில்லை. நான்காம் வாரம், பழைய குருடி கதவைத் திறடி. மின்கட்டணம் மட்டும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. எங்கள் பட்டறையில் முப்பது வருடம் உளி பிடித்த பெரிய ஆசாரி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கடைசியில் ஒன்று கேட்டார்: "ஏனுங்க, மூக்கடைச்சவனுக்கு நெஞ்சை மாத்தி வெச்சா மூச்சு வருங்களா?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியின் விரிவுரைதான். தூள் அடைப்புக்கு மோட்டாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது தவறு. அடைப்பு காற்றின் வழியில் இருக்கிறது. அந்த வழியை யாரும் பார்ப்பதில்லை என்பதால்தான் மோட்டார் திரும்பத் திரும்பப் பழி சுமக்கிறது.

மோட்டார்க் கட்சிக்காரர்களின் முதல் சாட்சி அவர்களுடைய காதுதான். "சத்தத்தைக் கேளுங்க, மோட்டார் திணறுது" என்பார்கள். அடைத்துக்கொண்டால் சத்தம் மாறுவது உண்மை. வீட்டு வேக்குவம் க்ளீனரின் வாயை உள்ளங்கையால் பொத்திப் பாருங்கள், சுருதி ஏறும். ஆனால் அது திணறல் அல்ல. விசிறிக்கு வேலை குறைந்துவிட்டதால் மோட்டார் சுமையில்லாமல் வேகமாகச் சுற்றுகிறது. தள்ளுவதற்குக் காற்றே வராதபோது விசிறி எதைச் சுமக்கும்? சந்தேகம் இருந்தால் எலக்ட்ரீஷியனின் பையில் க்ளாம்ப் மீட்டர் இருக்கும், அதை ப்ளோயரின் வயரில் மாட்டச் சொல்லுங்கள். ஓடும்போதே குழாயின் வாயை ஒரு பலகையால் மூடுங்கள். ஆம்பியர் இறங்கும். குழாயைக் கழற்றி வாயைத் திறந்துவிட்டால் ஆம்பியர் ஏறும். அதாவது, அடைத்துக்கொண்ட ப்ளோயர் மோட்டார் ஓய்வில் இருக்கிறது. ஓய்வில் இருப்பவனைப் பார்த்து "பாவம், தாங்க மாட்டேங்கிறான், இன்னும் பலசாலியைக் கொண்டுவா" என்பது என்ன நியாயம்? (ஒரு விலக்கு சொல்லிவிடுகிறேன். சில வேக்குவம் க்ளீனர்களில் இழுக்கும் காற்றேதான் மோட்டாரைக் குளிரவைக்கும். அவற்றில் அடைப்பு வந்தால் மோட்டார் உண்மையிலேயே சூடேறிக் கருகும். அங்கும் நோய் அடைப்புதான், மோட்டார் அல்ல.)

இரண்டாவது, கணக்கு. அதே குழாய், அதே பை வழியாகக் காற்றின் அளவை இரண்டு மடங்காக்க வேண்டுமென்றால் அழுத்தம் 4 மடங்கு வேண்டும். அதற்குத் திறன் 8 மடங்கு வேண்டும். விசிறிகளைப் பற்றிய எந்தப் பாடநூலிலும் இருக்கிற விதி இது. திருப்பிப் போட்டுப் பாருங்கள். 2 எச்.பி.யை 4 ஆக்கினால் கூடுதலாகக் கிடைக்கும் காற்று 26 விழுக்காடு. 2-ஐ 3 ஆக்கிய எனக்குக் கிடைத்திருக்கக்கூடியது 14 விழுக்காட்டுச் சொச்சம். அதுவும் விசிறியும் அதற்கேற்ற அளவில் மாறினால்தான். சிலர் செலவைக் குறைக்க விசிறியை விட்டுவிட்டு மோட்டாரை மட்டும் மாற்றுவார்கள். அதே விசிறி, அதே 2,880 சுற்று. கூடுதல் காற்று பூஜ்யம். காசு கொடுத்துப் பூஜ்யம் வாங்கிய பட்டறைகள் எனக்குத் தெரிந்தே மூன்று இருக்கின்றன.

இந்த 14 விழுக்காட்டை, தூள் அப்பிய ஒரு பை இரண்டே நாளில் தின்றுவிடும்.

வாய்க்கால் பாசனம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. வாய்க்கால் தூர்ந்து கிடக்கும்போது கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் மதகை இன்னும் தூக்கச் சொல்லிச் சண்டை போடுவார்கள். தூக்கினால் நடுவழியில் கரை உடையும், கடைமடை காய்ந்தே கிடக்கும். பட்டறையில் கடைமடை சாண்டிங் மெஷின். பெரும்பாலான பட்டறைகளில் ப்ளேனருக்கும் ரம்பத்துக்கும் போட்ட குழாயில் ஒரு டீ வைத்து, மிச்ச இடத்தில் சாண்டரை நிறுத்தியிருப்பார்கள். ப்ளேனர் நிற்கும்போதும் அதன் கதவு திறந்தே கிடக்கும். காற்றுக்கு மானம் ரோஷம் கிடையாது. எளிதான வாய் எதுவோ அதன் வழியாக வரும். எட்டடி தள்ளிச் சாண்டர் மூச்சு முட்டிக் கிடக்கும். அந்தக் கதவை மூட ஐந்து வினாடி ஆகும். அதற்குப் பதில் மோட்டார் மாற்றுகிறோம்.

குழாயின் குறுக்களவில் இன்னொரு ஏமாற்று. பெஞ்ச் டிஸ்க் சாண்டர்களின் தூள்வாய் பலவற்றில் இரண்டரை அங்குலம். அதற்கு நான்கு அங்குலக் குழாயைக் கொண்டுபோய்க் குறுக்கி மாட்டுகிறோம். இரண்டரை அங்குல வட்டத்தின் பரப்பு நான்கு அங்குல வட்டத்தில் ஐந்தில் இரண்டு பங்குதான். ப்ளோயர் வகை டஸ்ட் கலெக்டர்கள் அகலமான வழியில் நிறையக் காற்றைக் குறைந்த அழுத்தத்தில் இழுக்கப் பிறந்தவை. அவற்றின் உச்ச அழுத்தமே 250, 300 மில்லிமீட்டர் தண்ணீர் உயரம்தான். குறுகலான ஹோஸில் இழுக்க வேக்குவம் க்ளீனர் வேண்டும், அதன் அழுத்தம் 2,000 மில்லிமீட்டரைத் தாண்டும். இரண்டும் வேறு வேறு ரகம். கையில் பிடிக்கும் ஆர்பிட்டல் சாண்டரின் விரல்தடி ஹோஸை ப்ளோயரில் சொருகிவிட்டு "இழுக்கலை" என்பவர்களுக்கு 5 எச்.பி. போட்டாலும் இழுக்காது.

இதைக் கேட்டதும் சிலர் எதிர்ப்பக்கம் தாவுவார்கள்: "அப்போ எல்லாக் குழாயையும் ஆறு அங்குலமாக்கிடலாம்." அதுவும் வேண்டாம். மரத்தூள் காற்றில் மிதந்து போக நொடிக்கு ஏறக்குறைய 20 மீட்டர் வேகம் தேவை. 100 மில்லிமீட்டர் குழாயில் அந்த வேகத்துக்கு மணிக்கு 565 கனமீட்டர் காற்று போதும். 150 மில்லிமீட்டர் குழாய்க்கு 1,270 வேண்டும். சின்ன ப்ளோயரில் பெரிய குழாய் மாட்டினால் வேகம் செத்து, ஓடைமணல் போலத் தூள் குழாயின் அடியிலேயே படுத்துவிடும். படுத்த தூள்மேல் மழைக்கால ஈரம் ஏறினால் கட்டியாகும். பிறகு அதைக் கம்பி விட்டுக் குத்தித்தான் எடுக்க வேண்டும்.

சரி, அடைப்பு எங்கேதான் இருக்கிறது? நான் பார்த்தவரை முக்கால்வாசி நேரம் நான்கு இடங்கள். ப்ளோயரின் வாயில் கைவிரல் போகாமலிருக்க ஒரு குறுக்குக் கம்பி வைத்திருப்பார்கள். ப்ளேனரிலிருந்து வரும் நீளச் சுருள் ஒன்று அதில் குறுக்கே விழுந்தால் போதும். பின்னால் வருவதெல்லாம் அதன்மேல் குருவிக்கூடு கட்டும். என்னுடைய 3 எச்.பி. மோட்டாரின் தோல்விக்கு ஒரு பாதிக் காரணம் அந்தக் கூடுதான். கழற்றிப் பார்த்தபோது உள்ளே ஒரு டீக்கடைக் கப், இரண்டு பீடித்துண்டு, பட்டறைப் பையன் தொலைத்ததாகச் சாதித்த பென்சில் எல்லாம் கிடைத்தன. பீடித்துண்டைப் பார்த்து எனக்கு வியர்த்தது வேறு கதை.

அடுத்தது நெளிவு ஹோஸ். உட்புறம் வரிவரியாக இருக்கும் ஹோஸ் ஒவ்வொரு வரியிலும் காற்றை உரசி நிறுத்தும். அதே நீள வழவழப்பான குழாயைவிட இரண்டு, மூன்று மடங்கு இழுவையை அது தின்னும். ஓரடி தேவைப்படும் இடத்தில் பத்தடி ஹோஸை மாட்டி, மிச்சத்தைச் சுருட்டிச் சுவரில் தொங்கவிடுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. "பின்னாடி உதவும்" என்று. உதவாது. வெட்டி எறியுங்கள்.

மூன்றாவது இடத்தைப் பற்றித்தான் நான் அதிகம் பேச வேண்டும். அது பை. ப்ளேனர் சுருளும் சாண்டர் தூளும் ஒரே மரத்தில் பிறந்தாலும் குணம் வேறு. சுருள் பையின் அடியில் விழும். சாண்டர் தூள் மாவு போல மிதந்து, துணியின் இழைகளுக்குள் புகுந்து உட்காரும். கொஞ்சம் உட்கார்வது நல்லதே. புதுப் பையின் ஓட்டைகள் பெரியவை. உள்சுவரில் மெல்லியதாக ஒரு தூள் படை கட்டிய பிறகுதான் அது நுண்தூளைப் பிடிக்கத் தொடங்கும். அதனால்தான் புதுப் பை மாட்டிய முதல் நாட்களில் பட்டறை முழுக்க ஒரு மங்கல் தெரிகிறது. "பை கிழிஞ்சிருக்கு" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அந்தப் படை தடிப்பதுதான் பிரச்சினை. தேக்கின் எண்ணெய்ப் பிசுக்கும் மழைக்கால ஈரமும் சேர்ந்தால் படை அப்பளமாகும். எம்.டி.எஃப். தூளுக்கு ஈரம்கூட வேண்டாம். அது தானாகவே இறுகும். பிறகு விசிறி எவ்வளவு தள்ளினாலும் காற்று வெளியே போக வழியில்லை. வெளியே போகாத காற்று உள்ளே வராது. இவ்வளவுதான் விஷயம்.

இங்கே பெரிய மோட்டார் செய்யும் துரோகத்தைக் கவனியுங்கள். அது படையை இன்னும் பலமாகத் துணிமேல் அழுத்துகிறது. அழுத்தப்பட்ட படை இன்னும் இறுகுகிறது. துணியின் பரப்பு அதே அளவாக இருக்க, அதில் தள்ளும் காற்றைக் கூட்டினால் நுண்தூள் இழைக்குள் ஆழமாகப் போய், தட்டினாலும் உதிராத நிலைக்கு வருகிறது. மோட்டாருக்குக் கொடுத்த பணத்தில் பாதியைக் கொடுத்து இரண்டாவது பை மாட்டியிருந்தால் துணியின் பரப்பு இரட்டிப்பாகியிருக்கும். அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டாவது பையில் லாபம் குறைவு என்பதாலோ என்னவோ.

நான்காவது இடம் சின்னது, ஆனால் எரிச்சலூட்டுவது. ஆர்பிட்டல் சாண்டரின் அடித்தட்டில் எட்டு ஓட்டை. கடையில் வாங்கிய உப்புத்தாளில் ஐந்து ஓட்டை, அல்லது ஓட்டையே இல்லை. ஓட்டையோடு ஓட்டை பொருந்தாமல் ஒட்டிவிட்டு, தூள் பெட்டிக்குள் ஏன் தூளே இல்லை என்று வியக்கிறோம். தாளுக்கும் மரத்துக்கும் நடுவே சிக்கிய தூள் சூடேறி, சீலரோடு சேர்ந்து மெழுகுபோல் தாளில் படிகிறது. உப்புத்தாள் சீக்கிரம் தேய்கிறது என்று கம்பெனியைத் திட்டுகிறோம். தேயவில்லை, அடைத்திருக்கிறது. பெல்ட்டாக இருந்தால் ஓடும் பெல்ட்டில் க்ரேப் ரப்பர் கட்டியை அழுத்தினாலே பாதி உயிர் திரும்பும். பழைய க்ரேப் செருப்பின் அடிப்பாகமும் அந்த வேலையைச் செய்யும்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. கைச்சாண்டரில் இழுவை கூடினால் நல்லது என்ற நம்பிக்கையே தப்பு. அளவுக்கு மீறி இழுத்தால் அடித்தட்டு மரத்தோடு ஒட்டிக்கொள்ளும், சுழலாமல் இழுபடும், பாலிஷ் அடித்த பிறகு பன்றிவால் போலச் சுழி சுழியாகக் கீறல் தெரியும். தூள் இழுக்கும் வேக்குவம் மெஷின்களில் இழுவையைக் குறைக்க ஒரு திருகு வைத்திருப்பது அழகுக்கு அல்ல.

"எங்க மச்சான் பட்டறையில 5 எச்.பி. போட்ட பிறகு ஒரு அடைப்பும் இல்லையே" என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்கள் பொய் சொல்லவில்லை. மச்சான் வாங்கியது மோட்டார் மட்டும்தானா என்று கேளுங்கள். 5 எச்.பி. யூனிட்டோடு ஆறு அங்குல வாய் வந்திருக்கும். நான்கு பை வந்திருக்கும். பொருத்த வந்தவர் பழைய குழாயைப் பிடுங்கிப் போட்டு, டீ இருந்த இடத்தில் சாய்வான ஒய் வைத்திருப்பார். வழி முழுவதும் புதிதாகிவிட்டது. குணமாக்கியது வழி, பேர் வாங்கியது மோட்டார். எனக்குப் புதுப்பையால் கிடைத்த அந்த முதல் வாரமும் இதே கதைதான்.

மோட்டார் கைகொடுக்காதபோது இரண்டாவதாகத் தேடுவது கம்ப்ரசர். பையைக் கழற்றி வாசலில் வைத்து, துப்பாக்கியைப் பிடித்து ஊதுவது. பட்டறைக்குள்ளேயே ஊதுகிற புண்ணியவான்களும் உண்டு. 1 மைக்ரான் அளவுத் துகள் அசையாத காற்றில் மூக்கு உயரத்திலிருந்து தரைக்கு இறங்கப் பாதி நாள் ஆகும். காலையில் ஊதினால் மாலைவரை பட்டறையில் எல்லோரும் அதைச் சுவாசிக்கிறார்கள். கிட்ட வைத்து ஊதும் காற்று துணியின் இழையையும் விலக்கிவிடும். ஊதித்தான் ஆக வேண்டுமென்றால் திறந்த வெளியில், முகக்கவசத்தோடு, அழுத்தத்தைக் குறைத்து, காற்று வழக்கமாகப் போகும் திசைக்கு எதிராகத் தள்ளி நின்று ஊதுங்கள். பைக்குள் தூள் சேரும் ரகமென்றால் வெளியிலிருந்து உள்நோக்கி. அதைவிட, தினமும் மெஷினை நிறுத்தியதும் பையை வெளியிலிருந்து கையால் நாலு தட்டுத் தட்டுங்கள். துவைக்க வேண்டாம், துவைத்தால் நல்ல படையும் போய்விடும்.

"மரத்தூள்தானே, சிமெண்ட்டா ஆஸ்பெஸ்டாஸா" என்று கேட்பவர்களுக்காக ஒரே ஒரு செய்தி. நாற்காலி செய்வதற்குப் பேர்போன இங்கிலாந்தின் ஹை விக்கம் பகுதியில், மரவேலை செய்தவர்களுக்கு மூக்கினுள் அரிதான ஒருவகைப் புற்றுநோய் திரும்பத் திரும்ப வருவதை எஸ்மே ஹேட்ஃபீல்ட் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர் 1960களில் கவனித்தார். 1995இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் மரத்தூளைச் சேர்த்து வெளியிட்டது. ஆஸ்பெஸ்டாஸும் அதே வகையில்தான் இருக்கிறது.

தீயும் இருக்கிறது. 2012 ஜனவரியில் கனடாவின் பர்ன்ஸ் லேக் ஊரில் ஒரு மரஅறுவை ஆலை மரத்தூள் வெடித்துத் தரைமட்டமானது. இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். நம் பட்டறைகள் அவ்வளவு பெரியவை அல்லதான். ஆனால் சாண்டரில் ஓர் ஆணி உரசிப் பறக்கும் பொறி, வார்னிஷ் தூள் நிறைந்த பைக்குள் போய் ராத்திரி முழுக்கப் புகைவதற்குப் பெரிய ஆலை தேவையில்லை. இரும்பைச் சாண்டரில் தேய்க்கும்போது மரத்தூள் பையைக் கழற்றிவிடுங்கள். நிறைந்த பையோடு ஷட்டரை இறக்காதீர்கள்.

கடைசியாக வரும் வாதம் கொஞ்சம் மரியாதைக்குரியது. "இதெல்லாம் பெரிய கம்பெனிக்குச் சரி. எங்கே அடைச்சிருக்குன்னு பார்க்க எங்ககிட்ட ஏது கருவி?" இருக்கிறது. கட்டடக் கொத்தனார் மட்டம் பார்க்கும் அதே லெவல் டியூப். ஒரு மீட்டர் கண்ணாடி ஹோஸை ஆங்கில யு எழுத்தாக வளைத்துப் பலகையில் கட்டி, பாதிவரை தண்ணீர் ஊற்றுங்கள். சாண்டருக்கு இரண்டடி தள்ளிக் குழாயில் ஒரு சின்ன ஓட்டை போட்டு ஒரு முனையை அதில் பொருத்துங்கள். மறுமுனை திறந்திருக்கட்டும். ப்ளோயரைப் போட்டால் குழாய்ப் பக்கத்துத் தண்ணீர் மேலே ஏறும். எல்லாம் சுத்தமாக இருக்கும் நாளில் அந்த உயரத்தில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். பிறகு இழுவை குறைந்தால் கோட்டைப் பாருங்கள். தண்ணீர் கோட்டுக்கு மேலே போயிருந்தால் அடைப்பு சாண்டர் பக்கம்: தூள்வாயில், ஹோஸில். கோட்டுக்குக் கீழே இருந்தால் அடைப்பு ப்ளோயர் பக்கம்: குறுக்குக் கம்பியில், பையில். அதிகம் போனால் இருநூறு ரூபாய்ச் செலவு. மோட்டாரை மாற்றச் சொன்னவர்களில் ஒருவர்கூட இந்தக் குழாயைப் பற்றி எனக்குச் சொன்னதில்லை.

தூள் பிறக்கும் இடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் அதை இழுக்க வேண்டும், அந்த இடத்தை முடிந்தவரை மூடவும் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 14ஆவது பிரிவு எழுதிவைத்தது. அதில் எச்.பி. என்ற பேச்சே இல்லை. சட்டம் எழுதியவர்களுக்குப் புரிந்தது, மோட்டார் விற்பவர்களுக்குப் புரியவில்லை என்று நான் நம்பத் தயாராக இல்லை.

பெரிய ஆசாரி இப்போது வேலைக்கு வருவதில்லை. மூன்று எச்.பி. ப்ளோயரை விற்றுவிட்டு, பரணில் கிடந்த பழைய இரண்டையே மறுபடி மாட்டினேன். இரண்டு பை, ஒரு ஒய், ஓரடி ஹோஸ். குழாயில் முதல் நாள் போட்ட பேனாக்கோடு இன்னும் இருக்கிறது. இன்று காலை தண்ணீர் அதற்கு ஒரு விரற்கடை கீழே நின்றது. பையைத் தட்டச் சொல்லிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.